ஐந்தாம் கியர்

எமது வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் ஒரு தகரக் கொட்டில் உண்டு. அதனுள்ளே பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மொறிஸ் மைனர் கார் படுத்துக் கிடந்தது. படுத்துக் கிடந்தது என்று சொல்வது மிகையன்று. சில்லுகள் கழற்றப்பட்டு, அச்சுகள் செங்கற்களின் மேல் அமர்ந்து, அசை போடும் கிழட்டுப் பசுவைப் போலவே அது தோன்றியது. கிளிநொச்சிக்கு வரும் உறவினர்கள் அதைக் கண்டு, "இன்னும் இதை வைச்சிருக்கிறியளோ? இரும்புக்கு நிறுத்துக் குடுத்தால் நல்ல காசு வருமே" என்பார்கள். எமது தந்தையார் மறுமொழி ஒன்றும் சொல்ல மாட்டார். மடியிலே செருகியிருக்கும் திறப்பை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்தக் காருக்கு ஐந்து கியர் கொண்ட பெட்டி ஒன்றைத் தேடி நாம் அலைந்த கதையையே இங்குச் சொல்லப் புகுகின்றோம். கல்லூரியில் பாடஞ் சொல்லிப் பிழைக்கும் ஒருவருக்குக் கியர்ப் பெட்டியோடு என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தம் ஏற்பட்ட விதந்தான் கதை.

கார் 1959 ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். எமது தந்தையார் தமிழாசிரியர். 1978 இல் தமது சேமிப்பையும் அம்மாவின் இரண்டு காப்புகளையும் சேர்த்து அதை வாங்கினார். அதற்கு முந்திய ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால், பழைய பிரித்தானியக் கார்களைச் சாகவிடாமல் திருத்தித் திருத்தி ஓட்டும் கலை இலங்கை எங்கும் வளர்ந்திருந்தது. வடக்கிலோ அக்கலை பிற்காலத்திலே ஒரு தவமாகவே மாறியது. 1990 இல் போர் மூண்டு பெற்றோல் வருவது தடைப்பட்ட பின்னர், ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றரில் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் உள்ளே அழுத்தம் குறைந்தவை. ஆகையால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. தெருவெங்கும் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமுமாக இருக்கும். எமது பிள்ளைப் பருவத்தின் மணம் அதுவே.

1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் எம்மைச் சுமந்தது. பாயும் பானையும் அதன் கூரையின் மேல் இருந்தன. 2008 இன் இறுதியில் மீண்டும் புறப்பட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கு நோக்கிச் சென்ற மக்கள் வெள்ளத்தில் எமது காரும் ஊர்ந்தது. உடையார்கட்டில் ஒரு நாட் காலை, எங்கிருந்தோ வந்த இரும்புத் துண்டொன்று அதன் அடிவயிற்றிலே பாய்ந்தது. கார் அசையவில்லை. தந்தையார் கீழே குனிந்து, நிலத்தில் வழியும் எண்ணெயைப் பார்த்தபடி நின்றார். அப்போது எமக்கு வயது 29. அச்சத்தினாலும் அவசரத்தினாலும், "விடுங்கோ அப்பா, இரும்புதானே!" என்று கத்தினோம்.

அவர் எழுந்து நான்கு கதவுகளையும் பூட்டித் திறப்பை மடியிலே செருகிக்கொண்டார். "ஆர் களவெடுக்கப் போறான் எண்டு பூட்டுறியள்?" என்று அம்மா கேட்டார். அதற்கும் மறுமொழி இல்லை. பின்னர் செட்டிகுளத்து முகாமில் எல்லாம் இழந்து நின்ற நாள்களிலும் அந்தத் திறப்பு அவர் மடியிலே இருந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பிய பின்னர், 2011 இல், துருப்பிடித்த வாகனக் குவியலொன்றிலே இலக்கத் தகட்டைக் கொண்டு காரை அடையாளங் கண்டு உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தோம். எஞ்சின் சேதமின்றி இருந்தது. கியர்ப் பெட்டியிலோ கைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே இரண்டு மாரி மழை உள்ளே புகுந்து, பற்சில்லுகள் யாவும் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக் கிடந்தன. வீடு கட்ட வேண்டியிருந்தது. தங்கையைக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே கார் கொட்டிலுக்குட் போயிற்று.

நிற்க. 2023 இல் அம்மா மாதந்தோறும் வவுனியாவுக்குச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர். முழங்கால் வலியினால் பஸ்ஸின் படியிலோ புகைவண்டியின் படியிலோ அவரால் ஏற இயலாது. வாடகைக் காருக்கு மாதந்தோறும் கொடுக்க எமது சம்பளம் இடந்தரவில்லை. நாட்டிலே வாகன இறக்குமதி 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்தமையால், ஓடித் தேய்ந்த கார்கள்கூட யானை விலை சொல்லின. ஒரு நாள் மாலை கொட்டிலைப் பார்த்தோம். இருக்கும் காரை எழுப்பினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

எமது ஊரில் கராஜ் வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் காரின் கீழே படுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மாஸ்டர், பழைய மொறிஸ் பெட்டி தேடினால் எங்கையாவது கிடைக்கும். ஆனால் அதுவும் அறுபது வருசம் பழசாத்தான் இருக்கும். அம்மாவை மாதாமாதம் வவுனியாவுக்குக் கொண்டுபோறதெண்டால், ஜப்பான் காரின்ரை அஞ்சு கியர் பெட்டி ஒண்டைப் போடுறதுதான் புத்தி" என்றார்.

ஐந்தாவது கியரினால் வரும் நன்மையை அவரே எமக்கு விளக்கினார். மொறிஸ் மைனரின் பெட்டியில் நான்கு கியர். நான்காவதில் எஞ்சின் ஒரு முறை சுழன்றால், பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டும் ஒரு முறை சுழலும். ஐந்தாவதிலோ எஞ்சின் ஏறக்குறைய 0.86 பங்கு சுழல, தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுழன்றுவிடும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் எமது கார் செல்லும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழலும் எஞ்சின், ஐந்தாவது கியரில் 2,500 முறை சுழன்றாற் போதும். இரைச்சல் குறையும், தேய்மானம் குறையும், சமதரையிலே பெற்றோலும் சற்று மிஞ்சும். 2022 இல் வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து பெற்றோல் வாங்கிய எம் போன்றோருக்கு இது சிறிய செய்தியன்று. அன்றியும், பழைய பெட்டியின் முதலாம் கியருக்குப் பற்களை இசைவித்துச் சேர்க்கும் வளையம் கிடையாது. கார் முற்றாக நின்ற பின்னரே அதை இட வேண்டும். இல்லையேல் ஊர் முழுவதும் கேட்கும்படி அது அலறும்.

அன்றிரவு உணவின்போது தந்தையாரிடம் செய்தியை மெல்ல எடுத்துரைத்தோம். அவர் கை சோற்றிலே நின்றது.

"மொறிசுக்கு நாலு கியர்தான்" என்றார்.

"அப்பா, பழையது கழிந்து புதியது புகுவது குற்றமில்லை என்று நன்னூலாரே சொல்லியிருக்கிறார் அல்லவா? நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பித்தீர்கள்?"

"அது சொல்லுக்குச் சொன்ன இலக்கணம். காருக்குச் சொன்னதில்லை."

எமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "உனக்கு அது இரும்புதானே" என்று சொல்லிக் கை கழுவ எழுந்துவிட்டார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் உடையார்கட்டில் நாம் சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அவருடைய சம்மதம் இன்றியே தேடத் தொடங்கினோம். எல்லாக் கியர்ப் பெட்டியும் மொறிசுக்கு ஆகாது. இக்காலத்துச் சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுவன. அவற்றின் எஞ்சினும் பெட்டியும் குறுக்கே கிடப்பவை. எமக்கு வேண்டியது பின்சக்கரத்தால் உந்தப்படும் பழைய காரின் நீளவாட்டுப் பெட்டி. டொயோட்டா கொரொல்லா கே.ஈ. 70 வகையிலும், எம்மவர் 'டீஎக்ஸ் வாகன்' என்று அழைக்கும் அதன் நீண்ட உடன்பிறப்பிலும் அத்தகைய பெட்டி உண்டு. இரண்டின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டபோது, முதல் நான்கு கியர்களும் மொறிசின் நான்கு கியர்களுக்கு மிக நெருங்கியே இருந்தன. பழையதில் எதையும் எடுத்துக்கொள்ளாமல், புதிதாக ஒன்றைச் சேர்த்துத் தருவதாகவே அது எமக்குப் பட்டது.

கிளிநொச்சியில் நான்கு கராஜ்களை விசாரித்தோம். கிடைக்கவில்லை. மாங்குளத்தில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். அது முந்திய வாரமே விலைப்பட்டுவிட்டது. வவுனியாவில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையிலே, கியர்த் தடியின் குமிழில் ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட்ட பெட்டி ஒன்றைக் கண்டோம். மகிழ்ச்சியோடு காசைக் கொடுத்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி, பஸ்ஸின் பின்புறத்தில் இருத்திக் கொண்டுவந்து சேர்த்தோம். மெக்கானிக் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், குமிழுக்கு அஞ்சு கியர். பெட்டிக்கு நாலு" என்றார். யாரோ வேறொரு காரின் குமிழை அதிலே பூட்டியிருக்கின்றார். சான்றிதழைப் பார்த்து ஆளை மதிக்கக் கூடாது என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் உபதேசிக்கும் நாம், குமிழைப் பார்த்துப் பெட்டியை மதித்துவிட்டோம்!

அதன் பின்னர் மெக்கானிக் எமக்கு ஒரு பாடம் நடத்தினார். பெட்டியின் முன் தண்டிலும் பின் தண்டிலும் வெண்கட்டியால் ஒரு கோடு இடவேண்டும். நான்காம் கியரில் முன் தண்டைப் பத்து முறை சுழற்றினால் பின் தண்டும் பத்து முறை சுழலும். ஐந்தாவது இருக்குமானால் பின் தண்டு பதினொன்றரை முறை சுழலும். பிறகு அடித்திருகைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஏந்திப் பார்க்கவேண்டும். மஞ்சள் நிறப் பித்தளைத் துகள் மின்னினால் இசைவு வளையங்கள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். இரும்புச் சில் கிடைத்தால், பல் உடைந்துவிட்டது. அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது.

ஒரு வெண்கட்டித் துண்டையும் வெள்ளைத் துணியையும் பையிலே போட்டுக்கொண்டு, கல்லூரி விடுமுறையில் கொழும்புக்குப் புகைவண்டி ஏறினோம். பஞ்சிகாவத்தை பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம். தெருவின் இருமருங்கும் கதவுகளும் விளக்குகளும் எஞ்சின்களும் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவதாகப் புகுந்த கடையிலே, எமது வயதை ஒத்த முஸ்லிம் அன்பர் ஒருவர் இருந்தார். எமது பேச்சைக் கேட்டதும், "சேர் எந்த ஊர்?" என்றார். கிளிநொச்சி என்றோம். அவர் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார்.

"நாங்க முல்லைத்தீவு. நீராவிப்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு வந்தோம்."

1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அப்போது எமக்கு வயது பத்து. எமது வகுப்பிலே மூன்று பிள்ளைகளின் இடம் ஒரு திங்கட்கிழமை வெறுமையாக இருந்ததும், ஏன் என்று எந்த ஆசிரியரும் எமக்குச் சொல்லாததும் நினைவுக்கு வந்தன. அதை அவரிடம் சொன்னோம். வேறு என்ன சொல்வது என்று எமக்குத் தெரியவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "வாப்பாவோட லொறி ஒன்டு அங்கயே நின்டது சேர். கொண்டு வர விடல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

அவர் உள்ளே சென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். நாம் வெண்கட்டியை எடுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவரே முன் தண்டைச் சுழற்ற, நாம் எண்ணினோம். பதினொன்றரை. எண்ணெயில் துகள் இல்லை. விலை எமது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அவர் விலையைக் குறைக்கவில்லை. நாமும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால், "பொருந்தாட்டி ஆறு மாசத்துக்குள்ள கொண்டு வாங்க, நான் எடுக்கிறேன்" என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். புறப்படும்போது தேநீர் வாங்கித் தந்து, "நீராவிப்பிட்டிப் பக்கம் இப்ப எப்படி?" என்று கேட்டார். மீள வந்து வாழ்வோர் சிலரைப் பற்றி நாம் அறிந்ததைச் சொன்னோம்.

பெட்டி வீடு வந்து சேர்ந்தது. திறப்போ தந்தையாரின் மடியை விட்டு வரவில்லை. அவர் விருப்பத்துக்கு மாறாகக் கதவை உடைக்க எமக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் பெட்டி சாக்கிலே சுற்றியபடி கிடந்தது. இரண்டு முறை அம்மாவை வாடகைக் காரிலே கொண்டுபோனோம்.

ஒரு நாள் மாலை, மின்சாரம் தடைப்பட்டிருந்த வேளையில் திண்ணையில் இருந்தபடி, அந்தக் காரை வரைந்தமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரைப் பற்றி நாம் படித்ததைத் தந்தையாருக்குச் சொன்னோம். காரை இலண்டனில் 1948 இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்குச் சிறிது காலம் முன்னர், கார் ஒடுங்கலாக இருக்கின்றது என்று இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவே நீளவாட்டில் இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான மேடு அந்த நான்கு அங்குலந்தான். முன்னரே செய்து வைத்த பம்பர்களையும் நடுவே வெட்டித் துண்டு வைத்து இணைத்தார்கள்.

"அப்ப, பிறக்கேக்கையே வெட்டி ஒட்டினது எண்டு சொல்லுறாய்" என்றார் தந்தையார்.

"ஓம் அப்பா."

"அந்த மனிசன் வெள்ளைக்காரனோ?"

இல்லை என்றோம். அவர் 1906 இல் சிமிர்னா நகரிலே பிறந்தவர். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தந்தை கிரேக்க வழியினர். அங்கே இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்தவர். 1922 இல் போரின்போது, பதினைந்து வயது மகனோடும் மனைவியோடும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிரித்தானியக் கப்பலில் மோல்ட்டாத் தீவுக்குப் போனார்.

"பிறகு ஊருக்குத் திரும்பினவையோ?"

"இல்லை அப்பா. தகப்பன் மோல்ட்டாவிலேயே இறந்துபோனார். தாயும் மகனுந்தான் இங்கிலாந்துக்குப் போனவை."

தந்தையார் நெடுநேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் திரும்பி வந்திட்டம்" என்று மெல்லச் சொன்னார். மறுநாட் காலை நாம் எழுந்தபோது, தேநீர்க் கோப்பையின் அருகே மேசையின் மேல் திறப்பு இருந்தது.

பெட்டியைப் பொருத்த ஏழு வாரங்கள் சென்றன. மொறிஸ் எஞ்சினின் பின்முகமும் டொயோட்டாப் பெட்டியின் முன்முகமும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. இடையிலே பூட்ட, வவுனியாவில் ஒரு கடைச்சற் பட்டறையில் உருக்குத் தகடு ஒன்றைக் கடைந்தெடுத்தோம். கிளச்சுத் தட்டின் நடுப்பாகத்தைப் புதிய தண்டின் வரிகளுக்கு ஏற்றவாறு மாற்றினோம். உந்து தண்டை நீளம் குறைத்து, அதிராதபடி சமநிலை பார்த்தோம். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் புதிதாகச் செய்யப்பட்டது. கியர்த் தடி வரும் இடம் மாறியதால், காரின் தரையிலே ஒரு துண்டை வெட்ட வேண்டியிருந்தது. அன்று தந்தையார் கதிரையொன்றைக் கொண்டுவந்து அருகே போட்டுக்கொண்டு அமர்ந்தார். தகடு அறுபடும் ஓசை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார், எழுந்து போகவில்லை. பிரேக் முழுவதும் புதிதாக்கப்பட்ட பின்னரே காரை அசைக்க மெக்கானிக் இசைந்தார். பதிவுப் புத்தகத்தில் எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் எண் உண்டு. கியர்ப் பெட்டிக்கு இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது இன்றும் அதே கார்தான்.

முதற் பயணம் அம்மாவின் சிகிச்சை நாளன்று. அம்மா பின்னால் அமர்ந்தார். தந்தையார் எமக்கு இடப்புறம் அமர்ந்தார். வழக்கப்படி முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். எஞ்சினைக் கிளப்பியதும் தந்தையார் தமது வலக்கையைக் கியர்த் தடியின் மேல் வைத்தார்.

"நீ கிளச்சை மிதி. நான் போடுறன்."

முதலாம் கியரை இடுமுன் கார் முற்றாக நிற்கின்றதா என்று பழைய வழக்கப்படியே பார்த்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சாரதிக்குரிய வயதைக் கடந்த அந்தக் கைக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. நான்காம் கியரில் கார் நேரிய தெருவிலே சென்றது. பழைய இரைச்சல் எழுந்தது. அவர் எம்மைப் பார்த்தார்.

"இனி?"

"வலப்பக்கம், என்ரை பக்கமாத் தள்ளி, முன்னாலை."

கிளச்சை மிதித்தோம். தடி நகர்ந்தது. எஞ்சினின் குரல் தணிந்தது, வேகம் தணியவில்லை. திறந்த கண்ணாடியினூடே பாலை மரங்களின் காற்று வந்தது. பின்னால் அம்மா கச்சான் உடைக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது.

"மூச்சு வாங்காமல் போகுது" என்றார் தந்தையார். ஓமந்தை வரும்வரையில் தடியின் மேலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

இன்று மாதந்தோறும் அந்தப் பயணம் நடைபெறுகின்றது. துளைபட்ட பழைய பெட்டியை இரும்புக்குக் கொடுத்துவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். இம்முறை தந்தையாருக்கு முன்னரே நாம் வேண்டாம் என்றோம். தந்தையார் அதை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்துக் கொட்டிலின் மூலையில் வைத்திருக்கின்றார். அதன் அருகே வைக்கோலைச் சேர்த்து எமது வீட்டுக் கோழி ஒன்று அடைகாக்கின்றது.